முதல் கட்டத்தில் புள்ளடி

இருங்கோ தங்கச்சி. அந்தக் கதிரை வேண்டாம், அதுக்கு ஒரு கால் சரியில்லை. இதில இருங்கோ. மாதுமையும் அப்ப இதிலதான் இருக்கிறவ. ஓம், அந்த மாதுமைதான். கந்தோரில இருந்து ஒரு பிள்ளை வருவா, மூண்டு வருசத்துக்கு முந்தி நடந்த ஆராய்ச்சியைப் பற்றிக் கேப்பா எண்டு விதானையார் நேற்றே சொன்னவர். கேளுங்கோ. நான் ஒண்டையும் ஒளிக்கிற ஆள் இல்லை. இருபத்திரண்டு வருசமா இந்த மருதங்கட்டுக்கு நான்தான் சுகாதாரத் தொண்டர். எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி போட்டது, ஆருக்குப் பிரசர், ஆருக்குச் சீனி, எல்லாம் என்ர மண்டைக்குள்ள கிடக்கு. யோகராணி எப்பிடிப்பட்டவ எண்டு ஆரிட்டயும் விசாரிச்சுப் பாருங்கோ.

ஆனா முதல்லயே ஒண்டு சொல்லிப்போடுறன். அந்தப் பெட்டை எங்களுக்குச் செய்தது துரோகம். பச்சைத் துரோகம். உங்கட புத்தகத்தில அந்தச் சொல்லை எழுதலாமோ தெரியாது. எழுத வேண்டாம், சும்மா கேளுங்கோ.

மாதுமை நோர்வேயில பிறந்து வளந்த பிள்ளை. தாயின்ர ஊர் தம்பலகாமம். சண்டை நடந்த இடங்களில சனத்தின்ர உடம்பும் மனசும் எப்பிடி இருக்கு, ஆருக்கு என்ன வைத்தியம் தேவை எண்டு அங்க ஏதோ பல்கலைக்கழகத்தில ஆராய்ச்சி. எங்கட ஊரில அப்ப புதன்கிழமைக் கிளினிக் எண்டு ஒண்டு நடந்தது. ஒரு என்.ஜி.ஓ. நடத்தினது. இரண்டு கிழமைக்கு ஒருக்கா பொதுநோக்கு மண்டபத்தில ஒரு டொக்டர், ஒரு நேர்ஸ், மனக்கஷ்டத்தைக் கேக்கிறதுக்கெண்டு ஒரு பிள்ளை. செல் துண்டு உடம்புக்குள்ள கிடக்கிற ஆக்கள், பொய்க்கால் உராய்ஞ்சு புண்ணான ஆக்கள், வலிப்புக்காரர், நித்திரை இல்லாத ஆக்கள், எல்லாரும் அங்கதான். அந்தக் கிளினிக்கை இஞ்ச தொடர்ந்து நடத்திறதோ, கூடத் தேவையான வேற ஊருக்குக் கொண்டுபோறதோ எண்டு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி எண்டு சொல்லிக்கொண்டுதான் வந்தவ. ஓம், வந்த முதல் நாளே சொன்னவ. அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை.

என்ர வீட்டிலதான் மூண்டு கிழமை தங்கினது. நல்ல பிள்ளை எண்டுதான் நினைச்சன். கையால சாப்பிடுவா, கிணத்தில தானே அள்ளிக் குளிப்பா. ஆனா அந்தத் தமிழ் இருக்கே, செய்தி வாசிக்கிற தமிழ். ‘நீங்கள் அண்மைக் காலத்தில் அச்சவுணர்வை அனுபவித்ததுண்டா’ எண்டு கேட்டால் எங்கட மனுசியள் என்னெண்டு பதில் சொல்லுறது? வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்குதுகள். மூண்டாம் நாள் நான் சொன்னன், ‘இஞ்ச தா பிள்ளை, நான் கேக்கிறன், நான் போடுறன். நீ பக்கத்தில இரு.’ அவவுக்குப் பெரிய நிம்மதி. அதுக்கொரு கடுதாசியில என்னட்டக் கையெழுத்தும் வாங்கினவ, கேள்வி கேக்கிற ஆள் எண்டு. நூற்றிப் பன்னிரண்டு வீட்டில நான் கேட்டது நூற்றி ஆறு வீடு. அந்த வெயிலில, இந்தச் செருப்போட.

இருபது கேள்வி. ஒவ்வொண்டுக்கும் நாலு கட்டம். ஒருநாளும் இல்லை, இடைக்கிட, கனநாள், ஒவ்வொரு நாளும். ஒரு கட்டத்தில புள்ளடி போட்டால் சரி. நித்திரை வருதோ, கெட்ட கனவு வருதோ, சத்தம் கேட்டால் நெஞ்சு பதறுதோ, செத்துப்போனால் நல்லம் எண்டு தோணுதோ.

நான் என்ன விசரியே தங்கச்சி, இந்தக் கேள்வியளோட நேர போய் நிக்கிறதுக்கு? முதல்நாள் பின்னேரமே போற வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிப்போட்டு வந்திடுவன். ‘நாளைக்கு வருவம். எதைக் கேட்டாலும் முதல் கட்டம். நித்திரை வருது, பயம் இல்லை, கனவு இல்லை. விளங்குதே?’ எல்லாருக்கும் விளங்கினது. விளங்கப்படுத்தவே தேவையில்லை. எங்கட சனத்துக்கு ஆரும் கடுதாசியும் பேனையுமா வந்தால் என்ன செய்யோணும் எண்டு தெரியும். அடுத்த நாள் நான் கேள்வியை முடிக்க முன்னமே ‘ஒருநாளும் இல்லை’ எண்டு சொல்லுவினம். பாக்கியம் மாமி கேக்காத கேள்விக்கும் சேத்துச் சொன்னவ.

ஏன் அப்பிடி எண்டு பாக்கிறியள். நீங்கள் சின்னப் பிள்ளை. சண்டை முடிஞ்ச கையோட முகாமில கிடந்தம். அங்க ஒருத்தர் வந்தவர், வெள்ளைச் சேட்டு, நல்ல மரியாதையான கதை. ‘அம்மா, காயக்காரரின்ர விபரம் தந்தால் மருந்துக்கு ஒழுங்கு செய்யலாம்’ எண்டார். நான்தானே தொண்டர். கூடாரம் கூடாரமாப் போய் எழுதினன். என்ர தம்பி சுகிர்தனுக்குத் தோளில காயம். காயம் எதால வந்தது எண்டு ஒரு கேள்வி இருந்தது. செல் எண்டு எழுதியிருக்கலாம். செல் ஆருக்கும் விழும், துவக்குச் சன்னம் எண்டால் சண்டை பிடிச்சவன் எண்டு நினைப்பினம். நான் சன்னம் எண்டு எழுதினன். சன்னம்தானே பட்டது, உள்ளதை எழுதினால்தானே சரியான மருந்து தருவினம் எண்டு. என்ர கையால எழுதினன், வடிவான எழுத்தில.

மூண்டாம் நாள் பஸ் வந்தது. பட்டியல் வாசிச்சவை. சன்னக் காயக்காரர் பதினேழு பேர். மருந்துக்கு எண்டுதான் ஏத்தினது. தம்பி ஏறேக்க ‘அக்கா, என்ர துவாயை மறந்திட்டன்’ எண்டவன். நான் எடுத்துக்கொண்டு ஓடி வர பஸ் போட்டுது. பிந்திப் பிந்தி ஒரு பதினொரு பேர் வந்தவை. அவன் வரேல்லை. அம்மா சாகும்வரைக்கும் ஆர் அந்தப் பேரைக் குடுத்தது எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவ. ஆரோ எண்டு சொன்னன்.

இப்ப சொல்லுங்கோ. எங்கட ஊரின்ர பயத்தையும் கனவையும் கட்டம் கட்டமாப் பிரிச்சு ஒரு கடுதாசியில போட்டுக் குடுக்க என்ர கை வருமே?

ஆனா மாதுமைக்கு நான் ஒண்டும் ஒளிக்கேல்லை. அதுதான் எனக்குக் கொதிக்கிறது. பின்னேரம் வந்து குளிச்சுப்போட்டுக் குசினியில குந்துவம். நான் மீன் வெட்டுவன், அவ தேங்காய் துருவுவா. அப்ப எல்லாத்தையும் சொன்னன். பாக்கியம் மாமி இண்டைக்கும் காணி உறுதி, அடையாள அட்டை, பிஸ்கட் எல்லாத்தையும் ஒரு பையில கட்டி வாசலில வைச்சிருக்கிறா, மாசத்துக்கு ஒருக்கா பிஸ்கட்டை மட்டும் மாத்துவா எண்டு சொன்னன். கதவு படார் எண்டு அடிச்சால் வகுப்புப் பிள்ளையளுக்கு முன்னால நிலத்தில விழுந்து படுக்கிற ரீச்சரைப் பற்றிச் சொன்னன். எந்த எந்த வீட்டில ஆர் ஆர் பூச்சிமருந்து குடிச்சவை, எத்தினை பேரை நானே தூக்கிக்கொண்டு ஓடினன் எண்டு சொன்னன். சுகிர்தனையும் சொன்னன். அந்தத் துவாய் இன்னும் பெட்டிக்குள்ள இருக்கு எண்டு வேற ஆருக்கும் சொல்லாததை அந்தப் பெட்டைக்குச் சொன்னன். அழுதா. மூக்கெல்லாம் சிவந்து, துருவின தேங்காய்க்குள்ள கண்ணீர் விழ விழ அழுதா.

‘அன்ரி, இதைப் பதியலாமா’ எண்டு போனை எடுத்தா. ‘ஐயோ வேண்டாம், உது உனக்கு மட்டும்’ எண்டன். ‘அப்ப நான் இதை எழுத முடியாது அன்ரி. நீங்கள் ஓம் எண்டு சொன்னால்தான் எழுதலாம். அதுதான் சட்டம்’ எண்டா. நான் சிரிச்சன். வீட்டுக்கு வாற ஆக்கள் ‘வேண்டாம் வேண்டாம், சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்’ எண்டு சொல்லுறேல்லையே? அதுமாதிரி ஒரு மரியாதைக்குச் சொல்லுறா எண்டு நினைச்சன். உண்மை தெரிஞ்ச பிள்ளை, படிச்ச பிள்ளை, எங்களைக் காட்டிக் குடுக்காமல் எப்பிடி எழுதோணுமோ அப்பிடி எழுதுவா, கிளினிக் எங்கயும் போகாது எண்டு நம்பினன். கடுதாசிக்கு ஒண்டு, மனுசருக்கு ஒண்டு. இது விளங்காதே ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு?

தேத்தண்ணியை எடுங்கோ, ஆறுது.

பத்து மாசத்தால கூட்டம் வைச்சவை. அதே மண்டபம். என்.ஜி.ஓ. ஆக்கள் வந்து திரையில கலர் கலராப் படம் காட்டினவை. ஒன்பது ஊர், ஒன்பது தூண். எல்லா ஊருக்கும் தூண் உயர்ந்து நிக்குது, எங்கட ஊருக்கு மட்டும் பீங்கான் கோப்பை உயரத்தில ஒரு சின்னக் கட்டை. முதல் எங்களுக்கு வெக்கமாப் போச்சு. பேந்துதான் விளங்கப்படுத்தினவை, சின்னனா இருந்தால்தான் நல்லமாம். மருதங்கட்டுச் சனம் மற்ற எல்லா ஊரையும் விடத் தேறியிருக்காம். எல்லாரும் கை தட்டினவை. நாங்களும் தட்டினம். என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சான்றிதழும் தந்தவை. அந்தா, சுவரில கொழுவியிருக்கு. அதைக் கழட்டோணும் கழட்டோணும் எண்டுதான் இருக்கிறன்.

கை தட்டி முடிய ஒரு அறிவித்தல். தையில இருந்து கிளினிக் வேற ஊருக்குப் போகுது. தூண் உயர்ந்து நிண்ட ஊருக்கு.

மாதுமையை வாட்சப்பில எடுத்தன். ‘நீ என்ர குசினியில இருந்து சாப்பிட்ட பிள்ளை. எல்லாம் தெரிஞ்சுகொண்டு இப்பிடி எழுதினனியே?’ எண்டன். அவ சொல்லுறா, ‘அன்ரி, அந்தக் கட்டங்களை நிரப்பினது நீங்கள். குசினியில சொன்னதை எழுத வேண்டாம் எண்டு சொன்னதும் நீங்கள்.’ எப்பிடிக் கதை பாருங்கோ. ‘உனக்கு மனச்சாட்சி இல்லையே’ எண்டு கேட்டன். அழத் துடங்கியிட்டா. ‘இப்பவும் பிந்தேல்லை அன்ரி. சனம் பயத்தில சொன்ன பதில் எண்டு நீங்கள் எழுதித் தாங்கோ. நான் அறிக்கையைத் திருப்பி எடுக்கிறன். என்ர படிப்பு முடியப் பிந்தினாலும் பரவாயில்லை’ எண்டா. நான் எழுதிக் குடுக்கோணுமாம். பேர் போட்டு, கையெழுத்து வைச்சு. சனத்துக்குப் பயம் எண்டு எழுதினால் என்ன பயம், ஆருக்குப் பயம் எண்டு அடுத்த கேள்வி வராதே? ‘அதெல்லாம் சரிவராது பிள்ளை’ எண்டு வைச்சிட்டன். அதுக்குப் பிறகு நாலைஞ்சு தரம் எடுத்தவ. நான் எடுக்கேல்லை. துரோகியளோட எனக்கென்ன கதை.

இதில எல்லாரையும் விடக் கூடப் பாதிக்கப்பட்டது தவமலர். தெரியாது உங்களுக்கு. அந்த நாவல் மரத்துக்குப் பக்கத்து வீடு. நானும் அவவும் பதினாறு நாள் ஒரு பங்கருக்குள்ள இருந்தனாங்கள். அவவின்ர மனுசன் அதுக்குள்ளதான் செத்தவர், என்ர மடியில. அவவுக்கு வலது காதுக்குப் பின்னால செல் துண்டு, எடுக்கேலாத இடம். அதால வலிப்பு. புதன்கிழமை டொக்டர் குடுக்கிற குளிசையைப் போட்டால் மாசக்கணக்கில ஒண்டும் இல்லை. தோட்டம் செய்தவ, தைச்சவ, வடிவா இருந்தவ.

கிளினிக் போன பிறகு குளிசைக்குப் பெரிய ஆசுப்பத்திரிக்குப் போகோணும். இரண்டு பஸ். வலிப்புக்காரரைத் தனிய விடேலாது, நான் கூட்டிக்கொண்டு போனன், இரண்டு தரம். மூண்டாம் தரம் போகவேண்டிய அண்டைக்கு எனக்குப் பிள்ளையளுக்கு ஊசி போடுற நாள். அடுத்த கிழமை போவம் எண்டு சொன்னன். குளிசை முடிஞ்சு அஞ்சாம் நாள், சோறு வடிக்கேக்க வலிப்பு வந்து கஞ்சிப் பானையோட அடுப்புக்கு மேல விழுந்தவ. மகள் பள்ளிக்கூடத்தால வந்துதான் கண்டது. வலது கையும் கழுத்தும். கை விரல் நாலும் ஒட்டிப்போச்சு. இப்ப தைக்கிறேல்லை.

அதுக்குப் பிறகு என்னோட கதைக்கிறேல்லை தங்கச்சி. இரண்டு வருசம். நான் கறி குடுத்துவிட்டால் கோப்பை அப்பிடியே திரும்பி வருது, மூடி திறக்காமல். ரோட்டில கண்டால் மற்றப் பக்கம் போறா. எனக்கு அது விளங்குதே இல்லை. கோவிக்கிறது எண்டால் அந்த நோர்வேக்காரியைக் கோவிக்கோணும். என்னை ஏன்? நான் அவவுக்கு என்ன செய்யேல்லை?

ஓம், அவவிட்டயும் கேள்வி கேட்டது நான்தான். அண்டைக்கு மாதுமை வெளி வாசல் படலையடியில நிண்டு தாயோட போனில கதைச்சுக்கொண்டு நிண்டவ. ‘எல்லாத்துக்கும் முதல் கட்டம், முதலே சொன்னதுதானே’ எண்டன். தவமலர் சொன்னா, ‘இல்லை ராணி. எனக்கு எல்லாத்துக்கும் கடைசிக் கட்டம் போடு. ஒவ்வொரு நாளும் எண்டு போடு. அந்த டொக்டர் போனால் நான் செத்துப்போவன்.’ ‘உனக்கென்ன விசர் பிடிச்சிருக்கே’ எண்டன். அவவின்ர மனுசன் ஆர், எப்பிடி இருந்தவர் எண்டு ஊருக்கே தெரியும். கடைசிக் கட்டத்தில போட்டால் ஏன் பயம் எண்டு வருவினம், மனுசன் ஆர் எண்டு கேப்பினம், கடைசியில மகளிட்ட வருவினம். நான் ஏற்கெனவே ஒருத்தனைக் குடுத்தது போதும். ‘சரி சரி’ எண்டு சொல்லிப்போட்டு இருபதுக்கும் முதல் கட்டத்தில போட்டன். அவ என்ர கையைப் பாத்துக்கொண்டுதான் இருந்தவ. ஒண்டும் சொல்லேல்லை. சொல்லியிருக்கலாமே? அப்பவே பேனையைப் பறிச்சிருக்கலாமே? அவவின்ர நன்மைக்குத்தானே செய்தனான்.

என்ன அது, பைக்குள்ள இருந்து எடுக்கிறியள்? கடிதமோ? எங்கட ஊரில இருந்தோ? கொண்டாங்கோ, கண்ணாடி போடுறன்.

கோணல்மாணலா இருக்கு எழுத்து. இது... இது இடக்கையால எழுதினது.

‘நான் கேள்விகளுக்குக் கடைசிக் கட்டம் என்று சொன்னேன். என் கண் முன்னால் முதல் கட்டத்தில் புள்ளடி போடப்பட்டது. நான் அன்று தடுக்கவில்லை. அது என்னுடைய பிழை. என் பதிலை நானே திரும்பச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊருக்கு அந்த டொக்டர் திரும்ப வேண்டும்.’

கீழ முழுப் பேர். கையெழுத்து. அடையாள அட்டை இலக்கம்.

பொறுங்கோ தங்கச்சி, இன்னொருக்கா பாக்கிறன். என்ர பேர் இல்லை. போடப்பட்டது எண்டுதான் இருக்கு. ஆர் போட்டது எண்டு இல்லை.

இல்லாட்டி என்ன? ஊருக்குத் தெரியாதே ஆர் போட்டது எண்டு? என்னட்டச் சொல்லியிருக்கலாம். இந்தா இருக்கு வீடு, கூப்பிட்டால் கேக்கிற தூரம். இரண்டு வருசம் என்ர முகத்தைப் பாக்காமல் இருந்து, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சண்டைகூடப் பிடிக்காமல், ஆரெண்டு தெரியாத கந்தோருக்கு எழுதியிருக்கிறா. மாதுமை பிற ஆள். இவ என்னோட ஒரு பங்கருக்குள்ள கிடந்தவ. நெஞ்சு எரியுது தங்கச்சி, உண்மையாச் சொல்லுறன்.

விசரி. அடையாள அட்டை இலக்கத்தையும் எல்லே எழுதியிருக்கிறா. ஆர் கேட்டது அதை? எத்தினை மேசையில இந்தக் கடிதம் கிடந்து வந்திருக்கும்? எத்தினை பேர் பாத்திருப்பினம்?

எங்க வெளிக்கிடுறியள்? அவவின்ர வீட்டுக்கோ? இப்பவோ? தனியப் போகாதேங்கோ. நாய் நிக்குது. நாய்க்காக இல்லை, நான் உண்மையைச் சொல்லுறன், அவவுக்கு ஆரோட என்ன கதைக்கிறது எண்டு ஒருநாளும் தெரியாது. கேட்டால் எல்லாத்தையும் சொல்லிப்போடுவா. மனுசன்ர பேர், பிள்ளையின்ர பேர், எல்லாம். ஆரும் பக்கத்தில இருக்கோணும். இருபத்திரண்டு வருசமா இந்த ஊரில நான்தான் பக்கத்தில இருக்கிறன்.

ஒரு நிமிசம் நில்லுங்கோ, சீலையை மாத்திக்கொண்டு வாறன். அவ எனக்குக் கதவு திறக்காட்டியும் பரவாயில்லை, நான் படலையடியில நிக்கிறன், அங்கால நிண்டாலும் எனக்குக் கேக்கும். கேள்வியை நீங்களே கேளுங்கோ, நான் குறுக்க வரமாட்டன். அவ பதில் சொன்ன உடன மட்டும் எழுதிப்போடாதேங்கோ தங்கச்சி. முதல் என்னைப் பாருங்கோ.